கரண்ட் இல்லாமல் போன் பேசுமா?

நான் கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து போன வாரம் ஒரு தம்பி கூப்பிட்டார். விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். வைஃபை வழியாகப் பேசும் தொலைபேசியால் பள்ளிக்கூடங்களுக்கும் கம்பெனிகளுக்கும் என்ன நன்மை என்று பத்துக் குறிப்புகள் எழுதித் தர வேண்டுமாம். அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கப் போகிறார்களாம். "இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க நீங்கதான் மேடம்" என்று எனக்கு ஐஸ் வேறு வைத்தார்.

பத்து என்ன, இருபது நன்மைகளை மூச்சு விடாமல் சொல்வேன். அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் எழுத உட்கார்ந்த போதெல்லாம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் செய்த தப்புதான் முன்னால் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு நன்மைகளை மட்டும் எழுதினால் பாதிப் பொய் எழுதிய மாதிரி. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். தம்பி தனக்கு வேண்டியதை இதிலிருந்து பொறுக்கிக்கொள்ளட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவள் என்றதும், எல்லாரும் என் வாயிலிருந்து ஒரு ஒப்பாரியை எதிர்பார்க்கிறார்கள். செம்புக் கம்பி போச்சே, எண்ணைச் சுழற்றும் டெலிபோன் போச்சே என்று நான் மூக்கைச் சிந்த வேண்டுமாம். நான் ஏன் சிந்த வேண்டும்? ஐப்பசி மழையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று கேபிள் குழியைத் தேடியவர்களைக் கேளுங்கள், அது ஒழிந்ததற்கு யாராவது அழுவார்களா என்று.

என் பெயர் ரோஸ்லின். திருப்போரூர் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுப்பு அறுத்தவர்கள். எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். பாலிடெக்னிக் முடித்து, பரீட்சை எழுதி, டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் சில மாதம், நோட்டு நிறைய வரைபடம், சாப்பாட்டில் தினமும் கத்திரிக்காய். டெலிபோனில் நான் முதன்முதலாகப் பேசியதே அங்கேதான். மறுமுனையில் இருந்தவர் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அப்படியும் நான் கத்திக் கத்திப் பேசினேன்.

செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்சில் எனக்கு வாய்த்த மேலதிகாரி நாகலிங்கம் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைப்பார். துடைக்கிற நேரம் கூடக்கூடக் கோபமும் கூடுகிறது என்று அர்த்தம். பழுது என்று யார் சொன்னாலும் அதற்கு ஒரு சீட்டு போட வேண்டும். லைன்மேன் போய்ச் சரி செய்வார், நாங்கள் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்ப்போம், சரி என்று எழுதிச் சீட்டை மூடுவோம். மற்ற ஊர்களில் அத்தோடு முடிந்தது. நாகலிங்கம் சார் மட்டும் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் தாமாகவே ஒரு கோடு போட்டு, 'யார் பேசியது?' என்று எழுதி வைத்திருப்பார். புகார் சொன்ன ஆள் அந்தப் போனில் பேசியாக வேண்டும். அந்த ஆளின் பெயர் அந்தக் கோட்டில் இருந்தால்தான் கையெழுத்து.

சேர்ந்த புதிதில் இதெல்லாம் வெட்டி வேலை என்று நினைத்தேன். வேடந்தாங்கல் பக்கம் உரக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, போன் அடிப்பதே இல்லை என்று புகார் கொடுத்திருந்தார். எங்கள் பக்கமிருந்து பார்த்தால் லைனில் ஒரு குறையும் இல்லை. நான் சரி என்று எழுதி மூடிவிட்டேன். நாகலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பியைப் பத்தி நான் கேக்கலம்மா. அந்தம்மா பேசினாங்களா?" என்றார். மறுநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். போன் பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மணியின் நாக்கு மண்ணில் சிக்கி அசையாமல் கிடந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆயிரம் முறை சோதித்தாலும் குளவி தெரியாது. அன்றிலிருந்து அந்தப் பென்சில் கோட்டை நான் கேலி செய்ததில்லை.

அந்த எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறை என்று ஒன்று உண்டு. அங்கே இருபத்து நான்கு பெரிய செல்கள் வரிசையாக நிற்கும். தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு செல்லிலும் கண்ணாடிக் குழாயை விட்டு அமிலத்தின் அடர்த்தி பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பல வருடம் அது என் வேலை. அந்த பேட்டரியின் மின்சாரம்தான் செம்புக் கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டு டெலிபோனுக்கும் போனது. வீட்டில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டெலிபோனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரு புயலில் ஊர் முழுக்க மூன்று நாள் இருட்டு. விளக்கு இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை. ஆனால் டெலிபோன் அடித்தது. ஊரே எங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. கரண்ட் போகலாம், போன் போகாது என்று எங்கள் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். நானும் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் காலை வாரிவிட்டது.

விருப்ப ஓய்வு வாங்கியதும் வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. மறைமலைநகரில் பாஸ்கர் என்பவர் ஒரு சின்ன நிறுவனம் நடத்திவந்தார். தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் வைஃபை மூலம் பேசும் தொலைபேசி வைத்துக் கொடுக்கிற வேலை. பழைய துறை ஆள் என்றால் அனுபவம் இருக்கும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் மாதம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குரலைத் துண்டு துண்டாக வெட்டி, காற்றில் அனுப்பி, மறுபக்கம் ஒட்டவைக்கிறார்களாம். நடக்கிற கதையா என்று நினைத்தேன். இரண்டாவது மாதம் ஒரு தொழிற்சாலையில் அதைக் கண்ணால் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கார் உதிரிப்பாகம் செய்கிற ஷெட் அது. தகரக் கூரையும் இரும்புத் தூண்களுமாக இருப்பதால் உள்ளே போனால் செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இருக்காது. ஒரு எந்திரம் நின்றுவிட்டால், பழுது பார்க்கிறவரைத் தேடி ஒரு ஆள் ஷெட் முழுக்க ஓட வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் ஓடியவர் திரும்பி வருவதற்குள் ஷிப்டே முடிந்துவிடும். அங்கே நாங்கள் பன்னிரண்டு வைஃபை பெட்டிகளை மாட்டி, சூப்பர்வைசர்களுக்கும் பழுது பார்க்கிறவருக்கும் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு போன் கொடுத்தோம். மூன்று எண்ணை அழுத்தினால் பழுது பார்க்கிறவர் எங்கே நின்றாலும் எடுப்பார். புதிதாக ஒரு மேசை போட்டால் கம்பி இழுக்கச் சுவரை உடைக்க வேண்டாம், ஆள் இடம் மாறினால் எண்ணும் கூடவே போகும்.

அடுத்தது மாமல்லபுரம் கடற்கரை ஓரம் ஒரு ரிசார்ட். சவுக்குத் தோப்புக்குள் தனித்தனிக் குடில்கள். உப்புக் காற்று செம்பு இணைப்பை ஆறே மாதத்தில் பச்சை பூக்க வைத்துவிடும். பழைய போன்களில் பாதி வெறும் அலங்காரத்துக்குத்தான் இருந்தன. வைஃபை வந்ததும் உப்புக்கு அரிக்கக் கம்பியே இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் சொந்த செல்போனும் அதே வைஃபையில், அதே பழைய எண்ணில் பேசியது. சலவைக்கூடம் ஒரு பள்ளத்தில், கான்கிரீட் பெட்டி மாதிரி இருக்கும். அங்கே அதுவரை யாருடைய போனும் அடித்ததில்லை. அன்று முதல் அடித்தது. அங்கே துணி தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "யக்கா, எம்பொண்ணு ஸ்கூல்லயும் இத வச்சிக் குடேன்" என்றாள். அவள் பெயர் அமுதா. இந்தக் கதை அவளுடையதுதான்.

அவளே தலைமை ஆசிரியையிடம் போய் நச்சரித்திருக்கிறாள். அந்தத் தலைமை ஆசிரியை பத்மாவதி மேடம் எங்களைக் கூப்பிட்டார். கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த பள்ளி. முன் கட்டடம், நடுவில் பெரிய மைதானம், அதைத் தாண்டிப் பின் கட்டடம். பள்ளிக்கே ஒரே ஒரு போன், அது தலைமை ஆசிரியை அறையில் இருந்தது. பின் கட்டடத்தில் செல்போன் சிக்னல் இல்லை. அந்த வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டு செல்வம் என்ற உதவியாளர் உட்கார்ந்திருப்பார், ஐம்பதைத் தாண்டியவர். டீச்சர்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டுடன் மைதானத்தைக் கடந்து ஓடுவதும் வருவதுமே அவர் வேலை. "காலைலேர்ந்து ஓடிகினே கீறேன்கா, முட்டி தேஞ்சிபோச்சி. சீக்கிரம் போனை மாட்டு" என்று என்னைப் பார்த்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

காலாண்டு விடுமுறையில் வேலையை முடித்தோம். எங்களிடம் நடைச் சோதனை என்று ஒரு முறை உண்டு. ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணியபடி கட்டடம் முழுக்க நடக்க வேண்டும். மற்றவர் ஆபீசில் உட்கார்ந்து கேட்டு, எந்த எண் காதில் விழவில்லையோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் நடந்தேன். பின் கட்டடப் படிக்கட்டில் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறு வரை ஆபீசில் கேட்கவில்லை. பெட்டியைத் தூணுக்கு இந்தப் பக்கம் மாற்றி மாட்டி, மறுபடியும் நடந்தேன். இம்முறை இருநூறு வரை ஒரு எண்கூடத் தவறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம். பத்மாவதி மேடம் என்னை மேடையில் உட்கார வைத்தார். ஒன்பதை அழுத்தினால் ஆபீஸ், வகுப்புக்கு ஒரு எண், பெற்றோர் பள்ளி எண்ணுக்கு அடித்தால் நேராக வகுப்பு டீச்சருடனேயே பேசலாம் என்று விளக்கினேன். கைதட்டினார்கள். அமுதா எழுந்தாள். அவள் மகள் தீபிகா ஆறாவது படித்தாள். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், தினமும் ஊசி.

"யக்கா, கரண்டு பூட்ச்சின்னா இது பேசுமா? எம்பொண்ணுக்கு சர்க்கரை எறங்கிட்சின்னா கொஞ்ச நேரத்துல சுருண்டு வுழுந்துரும். அதான் கேக்கறேன்."

நான் யோசிக்கவே இல்லை. "முப்பத்திரண்டு வருஷம் போன்லயே இருந்தவம்மா நான். கரண்டு போகும், போன் போகாது" என்றேன். மறுபடியும் கைதட்டல். அமுதா நிம்மதியாக உட்கார்ந்தாள். அந்த நிம்மதியான முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் சொன்னது பச்சைப் பொய் இல்லை. ஆபீசில் இருந்த முக்கியப் பெட்டிகளுக்கு யூபிஎஸ் பேட்டரி வைத்திருந்தேன். ஆனால் பின் கட்டடத்து வைஃபை முழுவதற்கும் அங்கேயே அறிவியல் ஆய்வகத்தில் ஒரு தலைமைப் பெட்டி, அதை ஆய்வகச் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகியிருந்தேன். கரண்ட் போனால் அந்தப் பெட்டி சாகும், அதோடு பின் கட்டடமே ஊமையாகும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு போன் என்றாலே சார்ஜ் போடுகிற பொருள். பழைய டெலிபோன் ஆள்தான் செய்வாள். தினமும் இருபத்து நான்கு செல்லுக்கு அளவு எழுதியவளுக்கு, போனுக்கு மின்சாரம் எங்கிருந்தோ தானாக வந்துவிடும் என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அதற்கு முன் நான் வேலை செய்த தொழிற்சாலையிலும் ரிசார்ட்டிலும் ஜெனரேட்டர் இருந்தது. அதனால் என் ஓட்டை வெளியே தெரியவே இல்லை.

கார்த்திகை மாதம், நல்ல மழை நாள். மதியம் கரண்ட் போனது. தீபிகாவின் வகுப்பு அப்போது பின் கட்டடத்து ஆய்வகத்தில். அவள் பையும் அதிலிருந்த குளுக்கோஸும் முன் கட்டடத்தில். பிள்ளைக்கு வியர்த்துக் கை நடுங்கியதும் வகுப்பில் இருந்த கவிதா டீச்சர் புரிந்துகொண்டார். சுவரில் இருந்த போனை எடுத்து ஒன்பதை அழுத்தினார். போனுக்குள் சின்ன பேட்டரி இருந்ததால் விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். இந்தப் போன் நிற்காது என்று மேடையில் ஒரு பெரிய மனுஷி சொன்னதை அவரும் கேட்டவர்தானே, இப்போது வரும், இப்போது வரும் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வராந்தாவில் செல்வம் இல்லை. போன் வந்ததும், இனி ஓட ஆள் எதற்கு என்று அவரை வாசல் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் இரண்டு பிள்ளைகள் மழையில் ஓடி ஆபீசுக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அதற்குள் ஏழெட்டு நிமிடம் வீணாகிவிட்டது. தீபிகா மயங்கி, கை கால் இழுத்துக் கிடந்தாள்.

செல்வம்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைத் தாண்டிப் பள்ளி வேனுக்கு ஓடினார். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்புறம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கர்த்தருக்கு நான் நன்றி சொன்னதெல்லாம் அப்புறம்தான். சேதி கேட்ட அன்று என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

பாஸ்கர் கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி. 'வாடிக்கையாளர் இடத்தில் மின்தடை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். அது உண்மைதானே, பள்ளிக்கூடத்தில்தானே கரண்ட் போனது என்றார். எனக்கு நாகலிங்கம் சாரின் பென்சில் கோடு நினைவுக்கு வந்தது. விடுமுறையில், காலிக் கட்டடத்தில், கரண்ட் இருக்கும்போது, நானே நடந்து நானே எண்ணி நானே சரி போட்டிருந்தேன். யார் பேசியது என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்திருக்கும். அந்தப் போன் யாருக்காக வந்ததோ அந்த அமுதா பேசவில்லை, தீபிகா பேசவில்லை. பின் கட்டடப் பெட்டிக்கு பேட்டரி வைக்காதது ரோஸ்லினாகிய என் தவறு என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாஸ்கர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேட்டரிகளை வேனில் ஏற்றச் சொன்னார்.

ஆனால் பேட்டரி வைப்பது சுலபம். தீபிகா பள்ளிக்கூடம் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆயிற்று. பத்மாவதி மேடம் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் அமுதா அனுப்பவில்லை. பிள்ளை படிப்பில் கெட்டிக்காரி. அவள் படிப்பு அத்தோடு நின்றால் அதை நிறுத்தியது நான்தான். இதை யாரும் எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ரிசார்ட் சலவைக்கூடத்துக்குப் போனேன். அமுதா நிமிர்ந்து பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எந்தப் பெட்டி, எந்தப் பிளக், ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதையெல்லாம் சொன்னேன். நான் சொன்ன வார்த்தை தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் தேய்த்துக்கொண்டிருந்த துணியை முடித்து, மடித்து வைத்தாள்.

"போன் இல்லாதப்போ பயந்துகினே அனுப்புவேன். பயந்துகினு இருந்தப்ப ஒண்ணும் ஆவல. நீ சொன்னன்னு பயத்த வுட்டேன் பாரு, அன்னிக்கிதான் ஆச்சி" என்றாள்.

வந்து நீயே சோதித்துப் பார், உனக்குத் திருப்தி இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நானே கழற்றிக்கொண்டு போகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, லீவு போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

இம்முறை காலிக் கட்டடம் வேண்டாம் என்று பத்மாவதி மேடத்திடம் சொல்லிவிட்டேன். வகுப்புகள் நடக்க வேண்டும், பிள்ளைகள் கத்த வேண்டும், முடிந்தால் மழையும் வேண்டும். மழை மட்டும் வரவில்லை. தீபிகா உட்காரும் ஆய்வகப் பெஞ்சில் அமுதா உட்கார்ந்தாள். மெயின் சுவிட்ச் பக்கத்தில் செல்வம் நின்று, "எறக்கட்டாக்கா?" என்று குரல் கொடுத்தார். இறக்கினார். மின்விசிறிகள் நின்றன. பிள்ளைகள் எல்லா வகுப்பிலிருந்தும் ஓவென்று கத்தினார்கள். அமுதா எழுந்து போய் ஒன்பதை அழுத்தினாள். பத்மாவதி மேடம் எடுத்தார். அமுதா போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அரை மணி கழித்து மறுபடியும் அழுத்தினாள். அதற்கப்புறம் இன்னொரு அரை மணி. சலவைக்கூடத்தில் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்த தன் செல்போனுக்கும் அடித்தாள். சிக்னலே இல்லாத ஆய்வகத்திலிருந்து சிக்னலே இல்லாத சலவைக்கூடத்துக்கு மணி போனது. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமலே பள்ளிக்கூடம் நடந்தது.

எனக்கு மறுபடியும் பெருமை தலைக்கேறப் பார்த்தது. அமுதா போன் மாட்டியிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து கையை மேலே நீட்டினாள். போன் எட்டவில்லை.

"எம்பொண்ணு அப்ப நின்னுகினா இருக்கும்? தரையில இல்ல கெடக்கும்" என்றாள்.

டீச்சர் தோள் உயரத்துக்கு மாட்டியிருந்தோம். பிள்ளைகள் தொடக்கூடாது என்பதற்காகவே அந்த உயரம். எத்தனை பள்ளிக்கூடத்தில் அப்படி மாட்டியிருக்கிறேன்! அன்றே எல்லாப் போனையும் பெஞ்சு உயரத்துக்கு இறக்கினோம். பிள்ளைகள் தொடலாமா என்று பத்மாவதி மேடம் முதலில் தயங்கினார். பிறகு, ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் ஒன்பதை அழுத்தலாம் என்று வகுப்புக்கு வகுப்பு போய் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு குளுக்கோஸ் டப்பா வைத்தார். செல்வத்தைத் திரும்பப் பின் கட்டட வராந்தாவிலேயே உட்கார வைக்க வேண்டும் என்றும் நான் கேட்டேன். போன் வந்தால் ஆள் குறையும் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பாதீர்கள். ஓட்டம் குறையும், அவ்வளவுதான். செல்வத்தின் முட்டிக்கு அதுவே போதும்.

சீட்டில் 'யார் பேசியது?' என்று எழுதி அமுதாவிடம் நீட்டினேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புவதாகவும், அன்று முழுக்க நான் சலவைக்கூடத்தில் அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அழுக்குத் துணி மூட்டைகளுக்கும் வெந்நீர் ஆவிக்கும் நடுவே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அமுதா தன் செல்போனை இஸ்திரி மேசையின் ஓரத்தில், கண்ணில் படும்படி வைத்திருந்தாள். பதினொரு மணிக்கு மேல் மேகம் கருத்து மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்தது. உடனே வெளியே ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு திரும்ப வந்தது. மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அமுதா மட்டும் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே போட்டாள். ரிசார்ட்டுக்கும் பள்ளிக்கும் ஒரே மின்பாதை. இங்கே போயிருந்தால் அங்கேயும் போயிருக்கும். அங்கே ஜெனரேட்டர் கிடையாது.

அவள் என்னைப் பார்த்தாள். பேட்டரி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். எந்தப் பெட்டியில் எந்த வயர் எப்படி இருக்கிறது என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன்.

மேசை ஓரத்தில் போன் அடித்தது. அது பள்ளிக்கூட எண்.

அமுதா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான்தான். இங்க கரண்ட் பூட்ச்சி. நான் நல்லாத்தான் கீறேன். டீச்சர்தான் உனுக்குச் சொல்லச் சொன்னாங்க" என்றது பிள்ளை. பின்னால் மற்ற பிள்ளைகளின் இரைச்சலும் மழைச் சத்தமும் தெளிவாகக் கேட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அமுதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி, வச்சிடு. பேட்டரி தீந்துரப் போவுது" என்றாள்.

நான்கு மணி நேரம் தாங்கும் என்று நான் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு பெரிய படுக்கை விரிப்பை எடுத்து உதறினாள். மடிக்க ஆள் வேண்டும் என்பதுபோல் அதன் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.